கன்னியாகுமரி மாவட்டத்தில் வெளிநாட்டுக் கால்பந்துத் தொலைக்காட்சி ஒளிபரப்பு

கன்னியாகுமரி மாவட்டத்தில் வெளிநாட்டுக் கால்பந்துத் தொலைக்காட்சி ஒளிபரப்பு என்னும் இக்கட்டுரை, தமிழ்நாட்டின் தென்கோடி மாவட்டத்தில் உலகக்கோப்பை, ஐரோப்பியக் கழகப் போட்டிகள், இங்கிலாந்து பிரீமியர் லீக் முதலிய வெளிநாட்டுக் கால்பந்து ஆட்டங்களை வீட்டிலிருந்தே காண்பதற்குக் கையாளப்பட்டு வந்துள்ள வழிமுறைகளை விவரிக்கிறது. தரைவழி ஆன்டெனா, கம்பிவடத் தொலைக்காட்சி (கேபிள்), வீட்டு டிஷ் வழியாக நேரடியாகப் பெறப்படும் செயற்கைக்கோள் ஒளிபரப்பு (டி.டி.எச்.), இணையம் என இவ்வழிமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் முந்தையதை முழுமையாக அகற்றிவிடவில்லை. ஆயினும் கட்டணமின்றி ஆட்டம் பார்க்கும் வாய்ப்பு காலப்போக்கில் குறுகியே வந்துள்ளது.

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இதில் அகத்தீசுவரம், தோவாளை வட்டங்கள் நாஞ்சில் நாடு என்று வழங்கப்படுகின்றன. கல்குளம், விளவங்கோடு பகுதிகள் மேற்கே கேரள எல்லை வரை நீள்கின்றன. நாஞ்சில் நாட்டின் வயலோர ஊர்களில் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையுடன்தான் மிகுதியும் காணப்படுவர். கிழக்கே ஆரோக்கியபுரம் முதல் மேற்கே நீரோடி வரை சுமார் 72 கி.மீ. நீளமுள்ள கடற்கரையில் நிலை வேறு. அங்குள்ள மீனவர் ஊர்களில் கால்பந்தே முதன்மை விளையாட்டு. மணப்பாங்கான கடற்கரையே ஆடுகளம். பல ஊர்களில் தேவாலய வளாகத்தையொட்டிய திடலே ஊர் அணியின் பயிற்சிக் களமாகவும் உள்ளது.

குறிப்பாக நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை ஆகிய எட்டு ஊர்கள் அடங்கிய தூத்தூர்ப் பகுதி கால்பந்துக்குப் பெயர் பெற்றது. இந்தியன் சூப்பர் லீக் போட்டிகளில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரயுமன்துறையைச் சேர்ந்தவர். அவருடைய உடன்பிறந்தவரான மைக்கேல் ரெஜினும் தொழில்முறை ஆட்டக்காரரே. இவ்வூர்கள் திருச்சபை நிருவாகத்தில் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. எல்லைக்கு அப்பால் அடுத்து வரும் பொழியூரும் கால்பந்து ஊரே. எனவே இப்பகுதியின் கால்பந்து நாட்டத்தை, கேரளக் கடற்கரையின் நாட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. உலகக்கோப்பைக் காலத்தில் பிரேசில், அர்ஜென்டினா கொடிகளும் ஆட்டக்காரர்களின் பெரிய படங்களும் எல்லைக்கு இருபுறமும் ஒன்றுபோலக் கட்டப்படுகின்றன.

உலகக்கோப்பை வழக்கமாக ஜூன், ஜூலை மாதங்களில் நடைபெறுவது. மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலமும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் ஆகும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களின் விசைப்படகுகள் இந்நாட்களில் கரையில் நிற்கும். (மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள சின்னமுட்டம் துறைமுகத்துக்குக் கிழக்குக் கடற்கரையின் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை பொருந்தும்.) ஆண்டின் பிற மாதங்களில் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யும் தூத்தூர்ப் பகுதியினர், தொழிலற்ற அக்காலத்தில்தான் இரவு விழித்து ஆட்டம் பார்க்க முடிகிறது. கத்தாரில் நடந்த 2022 உலகக்கோப்பை நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு மாற்றப்பட்டதால் இப்பொருத்தம் அவ்வாண்டு கிட்டவில்லை.

தரைவழி ஒளிபரப்புக் காலம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டபோதும் அதன் அலைகள் குமரி மாவட்டத்தை எட்டவில்லை. நாகர்கோவிலுக்குச் சென்னை ஏறத்தாழ 700 கி.மீ. தொலைவு, திருவனந்தபுரமோ சுமார் 65 கி.மீ. மட்டுமே. ஆகவே 1980-களில் மாவட்டத்தின் மேற்குப் பகுதியினர் யாகி ஆன்டெனாக்களைத் திருவனந்தபுரம் நோக்கித் திருப்பி வைத்தே தூர்தர்சனைக் கண்டனர். திருவனந்தபுரம் நிலையம் 1985 ஜனவரி 1 முதல் மலையாள நிகழ்ச்சிகளைத் தயாரித்து ஒளிபரப்பியது. தமிழ் நிகழ்ச்சிகளைப் பார்க்க இயலாத குறை இருந்தாலும், தில்லியிலிருந்து அஞ்சல் செய்யப்பட்ட விளையாட்டு ஒளிபரப்பு எல்லா நிலையங்களிலும் ஒன்றே என்பதால் கால்பந்து நேயர்களுக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

தென்கடலோர ஊர்களில், 1982-இல் தொடங்கப்பட்ட இலங்கையின் ரூபவாகினியும் கிடைத்து வந்தது. கடற்பரப்பின் மேல் தடையேதும் இல்லாததாலும், வெப்பமான நாட்களில் கடல்மேல் உள்ள காற்றடுக்குகள் அலைகளை வளைத்து நெடுந்தொலைவு கொண்டுசெல்வதாலும் இது இயன்றது. படத்தின் தெளிவு நாளுக்கு நாள் மாறும். மூங்கில் அல்லது இரும்புக் குழாயில் உயர்த்திக் கட்டிய ஆன்டெனாவை ஒருவர் கூரைமேல் நின்று திருப்ப, மற்றொருவர் கீழிருந்து "போதும்" என்று கூவுவது அக்காலத்தவர் பலரும் அறிந்த காட்சி.

1982 உலகக்கோப்பையின் இறுதிக்கட்ட ஆட்டங்களைத் தூர்தர்சன் காட்டியது. எனினும் இந்திய வீடுகளுக்குக் கால்பந்து உலகக்கோப்பையை உண்மையில் அறிமுகம் செய்தது 1986 மெக்சிகோ போட்டியே. மெக்சிகோவில் நண்பகல் 12 மணிக்குத் தொடங்கிய ஆட்டங்கள் இங்கு இரவு 11:30 மணிக்கும், மாலை 4 மணி ஆட்டங்கள் அதிகாலை 3:30 மணிக்கும் வந்தன. ஜூன் 22 அன்று இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா அடித்த இரு கோல்களும் இந்திய நேரப்படி நள்ளிரவு கடந்தபின் அடிக்கப்பட்டவை. மாவட்டத்தில் இன்றும் காணப்படும் அர்ஜென்டினாப் பற்றுக்கு அந்த இரவே தொடக்கம் என்று கருதுவதில் பிழையிருக்காது. தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடுகள் குறைவாக இருந்த அக்காலத்தில் 'வீட்டில் பார்ப்பது' என்பது பெரும்பாலும் பிறர் வீட்டுத் திண்ணையிலோ சன்னலோரத்திலோ பார்ப்பதாகவே இருந்தது.

தூர்தர்சனின் ஒப்புமைத் தரைவழி ஒளிபரப்பு 2022-க்குள் நாடு முழுவதும் பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. இன்று கூரையில் எஞ்சியிருக்கும் யாகி ஆன்டெனா காக்கைகள் அமர்வதற்கு மட்டுமே உதவுகிறது.

கம்பிவடத் தொலைக்காட்சி

1991-இல் ஸ்டார் குழுமம் ஏசியாசாட்-1 செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பைத் தொடங்கியதைத் தொடர்ந்து நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை போன்ற ஊர்களில் கேபிள் இணைப்புகள் பரவின. கேபிள் நடத்துபவர் பெரிய டிஷ்களை மாடியில் நிறுவி, பெற்ற அலைவரிசைகளைக் கம்பிவடம் மூலம் தெருத்தெருவாகக் கொண்டுசென்றார். பிரைம் ஸ்போர்ட்ஸ் (பின்னர் ஸ்டார் ஸ்போர்ட்ஸ்), 1995-இல் இந்தியா வந்த ஈ.எஸ்.பி.என். ஆகிய அலைவரிசைகளால் உலகக்கோப்பை மட்டுமன்றி ஐரோப்பியக் கழகங்களின் வாராந்திர ஆட்டங்களும் முதன்முறையாக வீட்டுக்கு வந்தன. அதுவரை நாளிதழில் முடிவுகளாக மட்டுமே படிக்கப்பட்ட மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல் முதலிய அணிகளுக்கு இங்கு நேயர்கள் உருவானது இதன் பின்னரே.

2002-இல் டென் ஸ்போர்ட்ஸ் அலைவரிசை தொடங்கப்பட்டு, அவ்வாண்டு ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நடந்த உலகக்கோப்பையின் உரிமையைப் பெற்றது. ஆட்டங்கள் இந்திய நேரப்படி நண்பகலிலும் மாலையிலும் நடந்த அரிய போட்டி அது. ஜூன் 30 ஞாயிறன்று மாலை 4:30 மணிக்கு இறுதியாட்டம் தொடங்கியது. இரவு விழிக்க இயலாத முதியோரும் பிள்ளைகளும் முழுமையாகக் கண்ட உலகக்கோப்பையாக அதைச் சொல்லலாம். 2006, 2010 உலகக்கோப்பைகள் ஈ.எஸ்.பி.என்.-ஸ்டார் ஸ்போர்ட்ஸ் வசமும், 2014, 2018 போட்டிகள் சோனி வசமும், 2022 போட்டி வயாகாம்18 வசமும் இருந்தன.

தமிழ்நாடு அரசு 2006 முதல் வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளால் கடற்கரைக் குடியிருப்புகளிலும் பெட்டி இல்லாத வீடு அரிதாயிற்று. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011 செப்டம்பர் 2 முதல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கியது. ஆனால் மலிவான இத்தொகுப்பில் கட்டண விளையாட்டு அலைவரிசைகள் எல்லாம் இடம்பெறும் என்பதற்கு உறுதியில்லை. ஒளிபரப்பு நிறுவனத்துக்கும் கேபிள் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் முறியும்போது, பெரிய ஆட்டத்துக்கு முந்தைய நாளில்கூட அலைவரிசை மறைந்துவிடுவதுண்டு. 2017-இல் அரசு கேபிளுக்கு எண்முறை உரிமம் கிடைத்தபின் செட் டாப் பாக்ஸ்கள் வழங்கப்பட்டன.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) புதிய கட்டண ஆணை 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி அப்போது இணைப்புக்கு அடிப்படைக் கட்டணமாக உச்ச அளவு 130 ரூபாயும் வரியும் செலுத்தி, அதற்குமேல் வேண்டிய கட்டண அலைவரிசைகளைத் தனித்தனியாகவோ தொகுப்பாகவோ தெரிவு செய்ய முடிந்தது. தொகுப்பில் சேர்க்கப்படும் அலைவரிசையின் விலை மாதம் 19 ரூபாய்க்கு மிகக்கூடாது என்றும் வரையறுக்கப்பட்டது. கால்பந்து நேயருக்கு இது ஒரு வகையில் நன்மையே. தொடர்கதை அலைவரிசைகளை விடுத்து, தேவையான இரண்டு மூன்று விளையாட்டு அலைவரிசைகளை மட்டும் பெற முடிகிறது. எனினும் இவ்வுரிமை பற்றி அறியாமல், கேபிள் நடத்துபவர் கொடுக்கும் தொகுப்பையே ஏற்றுக்கொள்வோர் பலர். தனி அலைவரிசையைக் கேட்டுப் பெறுவதற்கு அலைவரிசையின் பெயரை மட்டுமன்றி எண்ணையும் தரத்தையும் (சாதாரணம் அல்லது உயர் தெளிவு) குறித்துச் சொல்லுதல் நல்லது. பெயர் ஒத்த அலைவரிசைகள் பல உள்ளன.

டி.டி.எச். ஒளிபரப்பு

இந்தியாவில் டிஷ் டிவி 2003-இலும், டாடா ஸ்கை (2022 முதல் டாடா பிளே) 2006-இலும், சன் டைரக்ட் 2007-இலும், ஏர்டெல் 2008-இலும் டி.டி.எச். சேவையைத் தொடங்கின. கேபிள் எட்டாத மலையோர ஊர்களுக்கும், கேபிளில் விளையாட்டு அலைவரிசை கிடைக்காத வீடுகளுக்கும் இது பயன்பட்டது.

செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்பவை. நாகர்கோவில் நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகை வடக்கே மட்டும் இருப்பதால் இங்குள்ள டிஷ் வானத்தை மிக உயரமாக நோக்கும். எடுத்துக்காட்டாக, 93.5 பாகை கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோள் நாகர்கோவிலிலிருந்து பார்க்கும்போது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 69 பாகை உயரத்தில் இருக்கும். திசை, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 116 பாகை, அதாவது கிழக்கிலிருந்து சற்றே தெற்கு நோக்கி. சென்னையில் இதே செயற்கைக்கோளுக்கு டிஷ் ஏறக்குறைய நேர் தென்கிழக்கை நோக்க வேண்டும். உயரமாக நோக்குவதால் பக்கத்து வீட்டுச் சுவர் மறைப்பதில்லை, ஆனால் தலைக்கு மேல் கவிந்த தென்னை மட்டை மறைக்கும். தென்னந்தோப்புகள் நிறைந்த இம்மாவட்டத்தில், காற்று வீசும்போது மட்டும் படம் உறைந்து நின்றால் முதலில் மட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

2010 ஜூலை 7 அளவில், தென்னாப்பிரிக்க உலகக்கோப்பை அரையிறுதிக் கட்டத்தில் இருந்தபோது, இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்வழங்கலில் கோளாறு ஏற்பட்டு அதன் அலைபரப்பிகளில் பாதி நிறுத்தப்பட்டன. அதைப் பயன்படுத்தி வந்த சன் டைரக்ட், பின்னர் 91.5 பாகை கிழக்கில் உள்ள மீசாட்-3 செயற்கைக்கோளுக்கு மாறியது. இதனால் வீடுதோறும் டிஷ்களை ஏறத்தாழ இரண்டு பாகை திருப்ப வேண்டியதாயிற்று. ஒரே வழியை மட்டும் நம்பியிருந்தால் எவ்வகை இடர் நேரும் என்பதற்கு இந்நிகழ்வு நல்ல சான்று.

கட்டணமில்லா ஆட்டங்களும் 2017 தீர்ப்பும்

நாட்டு முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டு நிகழ்ச்சிகளின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2007-இல் இயற்றப்பட்ட சட்டம் கூறுகிறது. அரசு அறிவிக்கும் பட்டியலில் கிரிக்கெட், ஒலிம்பிக் முதலியவற்றுடன் கால்பந்து உலகக்கோப்பையின் தொடக்க ஆட்டம், அரையிறுதிகள், இறுதியாட்டம் போன்ற முக்கிய ஆட்டங்களும் உள்ளன. ஐரோப்பியக் கழகப் போட்டிகள் இதில் சேரா.

இச்சட்டத்தால் முதலில் எல்லா வீடுகளிலும் தூர்தர்சனில் அவ்வாட்டங்களைக் காண முடிந்தது. தூர்தர்சன் அலைவரிசையைக் கேபிளிலும் தனியார் டி.டி.எச். சேவையிலும் கட்டாயம் காட்ட வேண்டும் என்ற விதி இருந்ததே காரணம். பெருந்தொகை கொடுத்து உரிமை பெற்ற தனியார் நிறுவனங்கள் இதை எதிர்த்தன. 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், பகிரப்படும் ஒளிபரப்பைத் தூர்தர்சன் தனது தரைவழி ஒளிபரப்பிலும் தனது சொந்த டி.டி.எச். சேவையிலும் மட்டுமே காட்டலாம் என்று தீர்ப்பளித்தது.

இதன் விளைவு சற்று விந்தையானது. மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் கேபிள் வீட்டில் தூர்தர்சன் வழியாக அவ்வாட்டம் வராது. கட்டணமே செலுத்தாத டிடி ஃப்ரீ டிஷ் வீட்டில் வரும். தரைவழி ஒளிபரப்பும் நின்றுவிட்டதால் கட்டணமின்றிப் பார்ப்பதற்குத் தொலைக்காட்சியில் எஞ்சிய ஒரே வழி ஃப்ரீ டிஷ்தான். 2004 டிசம்பர் 16 அன்று டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்ட இச்சேவைக்கு டிஷும் செட் டாப் பாக்ஸும் வாங்கும் ஒருமுறைச் செலவைத் தவிர வேறு செலவில்லை. தமிழ்நாட்டில் கேபிளின் பிடி வலுவாக இருந்ததால் ஃப்ரீ டிஷ் வட மாநிலங்களில் பரவிய அளவுக்கு இங்குப் பரவவில்லை. இது ஜிசாட்-15 வழியாகவே ஒளிபரப்பாகிறது. எனவே, அதே 93.5 பாகையை நோக்கி ஏற்கெனவே பொருத்தப்பட்டு, சந்தா கட்டாமல் கிடக்கும் டிஷ் வீட்டில் இருந்தால், ஃப்ரீ டிஷ்க்கான பாக்ஸ் மட்டும் வாங்கி இணைத்துப் பார்க்கலாம்.

இணைய வழி ஒளிபரப்பு

2016-இல் மலிவான நான்காம் தலைமுறைக் கைபேசி இணையமும், அதைத் தொடர்ந்து ஒளியிழை இணைப்புகளும் வந்தபின் வெளிநாட்டு ஆட்டங்கள் செயலிகளுக்கு நகர்ந்தன. ஸ்பெயினின் லா லிகா ஆட்டங்கள் 2018 முதல் மூன்று பருவங்களுக்கு இந்தியத் துணைக்கண்டத்தில் பேஸ்புக்கில் இலவசமாகக் காட்டப்பட்டன. 2022 உலகக்கோப்பையை ஜியோசினிமா இலவசமாகக் காட்டியது. தொடக்க நாளில் படம் நின்று நின்று வந்ததாக நாடெங்கும் முறையீடுகள் எழுந்து, பின்னர் நிலைமை சீரானது. வயாகாம்18, டிஸ்னி ஸ்டார் இணைப்பால் 2024 நவம்பரில் ஜியோஸ்டார் உருவாகி, 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோஹாட்ஸ்டார் தொடங்கப்பட்டது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் 2025-26 முதல் 2027-28 வரையிலான பருவங்களின் உரிமை இந்நிறுவனத்திடம் உள்ளது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் 2027 வரை சோனியிடம் உள்ளது. உரிமைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கைமாறுவதால், ஓராண்டுச் சந்தா கட்டுமுன் எந்தப் போட்டி எந்தப் பருவம் வரை அந்நிறுவனத்திடம் உள்ளது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

உயர் தெளிவுப் படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேகம் எனக் கொண்டால், இடைவேளை உட்பட இரண்டு மணிநேர ஆட்டத்துக்கு ஏறத்தாழ 4.5 கிகாபைட் தரவு செலவாகும். நாளொன்றுக்கு 1.5 கிகாபைட் தரும் கைபேசித் திட்டத்தில் முதல் பாதியே முடியாது. கைபேசியைத் தொலைக்காட்சியுடன் இணைத்துப் பார்ப்போர் படத்தின் தரத்தைக் குறைத்துக்கொள்வதுண்டு, ஆனால் பெரிய திரையில் பந்து எங்கே என்று தேட வேண்டிவரும். மேலும், இணையப் படம் செயற்கைக்கோள் படத்தைவிடப் பெரும்பாலும் அரை நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாக வரும். கேபிள் உள்ள அடுத்த வீட்டின் ஆரவாரம் முதலில் கேட்டுவிட, இங்கே பந்து இன்னும் நடுக்களத்தில் உருண்டுகொண்டிருக்கும். நெருக்கமாக வீடுகள் அமைந்த கடற்கரை ஊர்களில் இதற்கு மாற்று இல்லை.

எவரும் உரிமை வாங்காத போட்டிகளும் உண்டு. அமெரிக்காவில் நடந்த 2024 கோப்பா அமெரிக்காப் போட்டி இந்தியாவில் எந்தத் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாகவில்லை. 2021-இல் அர்ஜென்டினா பிரேசிலை வென்ற இறுதியாட்டத்தை ஜூலை 11 அதிகாலை 5:30 மணிக்கு எழுந்து பார்த்தவர்கள், மூன்றாண்டு கழித்து அதே அணி மீண்டும் கோப்பை வென்றதைச் செய்தியாகவே அறிய நேர்ந்தது. இத்தகைய நேரங்களில் உரிமமற்ற இணையதளங்களை நாடுவோர் மிகுதி. அவை பதிப்புரிமைச் சட்டத்துக்கு எதிரானவை. அன்றியும், அவற்றின் விளம்பரங்கள் வழியாகத் தீநிரல்களும் சூதாட்ட அழைப்புகளும் வருகின்றன. மாதம் சிறு தொகைக்கு உலகின் எல்லா அலைவரிசைகளும் தருவதாகக் கூறி விற்கப்படும் பெட்டிகளும் இவ்வகையினவே. நீதிமன்ற ஆணையால் அவை முடக்கப்படும்போது கட்டிய பணம் திரும்பாது.

நேரக் கணக்கு

இந்திய நேரம் கிரீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணிநேரம் முந்தியது. ஐரோப்பாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னும், அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று ஒரு மணிநேரம் பின்னும் மாற்றுவர். ஆதலால் இங்கிலாந்து நேரத்துடன் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் கோடையில் நாலரை மணியும் கூட்ட வேண்டும். ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி நேரத்துடன் முறையே நாலரையும் மூன்றரையும் கூட்ட வேண்டும். பிரீமியர் லீக்கின் சனிக்கிழமைப் பிற்பகல் 3 மணி ஆட்டம் செப்டம்பரில் இங்கு இரவு 7:30 மணிக்கும், டிசம்பரில் 8:30 மணிக்கும் வரும். சாம்பியன்ஸ் லீக்கின் முதன்மை ஆட்டங்கள் செப்டம்பரில் நள்ளிரவு 12:30 மணிக்கும், நவம்பர் முதல் 1:30 மணிக்கும் தொடங்கும்.

கிழமை மாறுவதையும் கவனிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஆட்டம் என்று அறிவிக்கப்படுவது நமக்குப் புதன்கிழமை அதிகாலை ஆகும். செவ்வாய் இரவு விழித்திருக்க வேண்டியதைப் புதன் இரவு விழித்திருந்து ஏமாந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. கரைமடி, வள்ளத் தொழிலுக்கு விடியுமுன் செல்வோருக்கு 1:30 மணி ஆட்டம் ஏற்றதன்று. ஆட்டம் முடியும்போது மணி மூன்றரையாகும். அதிகாலை 5:30 மணியளவில் நடக்கும் தென்னமெரிக்க ஆட்டங்கள் தொழிலுக்குச் சென்றவருக்குக் கிட்டாவிட்டாலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வசதியானவை.

மழை, உப்புக்காற்று, மின்சாரம்

கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது. டி.டி.எச். சேவைகள் பயன்படுத்தும் கேயூ கற்றை அலைகள் கனமழையில் வலுவிழக்கும். ஜூன் மாத மழை இரவில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து திரையில் தோன்றுவது இதனால்தான். மழை சற்றுத் தணிந்ததும் படம் தானே திரும்பிவிடும், டிஷ்ஷைத் திருப்ப முயல்வது நிலைமையை மோசமாக்கும். கேபிள் நிலையங்களின் பெரிய டிஷ்கள் பயன்படுத்தும் சி கற்றை அலைகளுக்கு மழையால் பாதிப்பு குறைவு. ஆயினும் ஏறக்குறைய வானை நோக்கிக் கிடக்கும் அந்தக் கிண்ணங்களில் நீர் தேங்காதிருக்க அடியில் துளை இருக்க வேண்டும்.

கடற்கரையில் உப்புக்காற்று மற்றொரு பகை. டிஷ்ஷின் தாங்கி, திருகாணிகள், எல்.என்.பி. இணைப்பு முனை ஆகியன உள்நாட்டைக் காட்டிலும் விரைவில் துருப்பிடிக்கின்றன. இணைப்பு முனையை நீர்புகா நாடாவால் இறுகச் சுற்றி, கம்பிவடம் பெட்டிக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் நீர் வடிந்துவிடும். துத்தநாகம் பூசிய தாங்கிகளுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது வீண்செலவன்று.

2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நிலவிய கடும் மின்வெட்டால் பல வீடுகளில் இன்வெர்ட்டர் புகுந்தது. மின்கலமும் போதாத நிலை 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலின்போது ஏற்பட்டது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் மூழ்கின. அறுந்த கேபிளையும் பறந்த டிஷ்ஷையும் எவரும் தேடவில்லை. கடலுக்குச் சென்று திரும்பாத மீனவர்களைப் பற்றிய செய்திக்காகவே மின்சாரம் மீண்ட வீடுகளில் தொலைக்காட்சி ஓடியது. அவர்களுள் பலர் தூத்தூர்ப் பகுதியைச் சேர்ந்தவர்கள்.

வர்ணனை மொழி

நெடுங்காலம் ஆங்கில வர்ணனை மட்டுமே கிடைத்தது. ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் 2017-இலும், தமிழ், தெலுங்கு மொழிகளுக்கான சோனி டென் 4 அலைவரிசை 2021 ஜூனிலும் தொடங்கப்பட்டன. தள்ளிவைக்கப்பட்டு 2021-இல் நடந்த யூரோ 2020 போட்டி தமிழ் வர்ணனையுடன் வந்தது. 2022 உலகக்கோப்பைக்கும் இணையத்தில் தமிழ் வர்ணனை இருந்தது. விளவங்கோடு, கிள்ளியூர்ப் பகுதிகளில் மலையாளம் அறிந்தவர் மிகுதி. கோலுக்கு முன்னரே உச்சத்தை எட்டிவிடும் ஷைஜு தாமோதரனின் மலையாள வர்ணனையை விரும்பிக் கேட்போர் அங்கு உண்டு. தமிழ் வர்ணனையில் கிரிக்கெட் நடையும் திரைப்பட வசனமும் இன்னும் மிகுதியாகவே கலக்கின்றன என்ற குறை கடற்கரையில் கூறப்படுவதுண்டு. பெட்டியில் மொழியை மாற்றும் பொத்தான் இருப்பதை அறியாமல் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்போரும் உளர்.

பொது இடத்தில் காட்டுதல்

முக்கிய ஆட்டங்களைப் பங்கு மன்றத்திலோ திடலிலோ திரை கட்டிக் காட்டுவது கடற்கரை ஊர்களில் வழக்கம். வீட்டுப் பயன்பாட்டுக்கான சந்தா இதற்குப் பொருந்தாது. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 37-ஆம் பிரிவின்படி, ஒளிபரப்பைப் பொதுமக்களுக்குக் கட்டணம் பெற்றுக் காட்டுவது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவதாகும். நுழைவுச்சீட்டு வைத்தல், இருக்கைக்குப் பணம் பெறுதல் ஆகியன இதில் அடங்கும். பெரிய திரையில் காட்ட விரும்பும் மன்றங்கள் உரிமை பெற்ற நிறுவனத்திடம் முன்னரே அனுமதி கேட்பதும், ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி பெறுவதும் முறை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உள்ளதால், நள்ளிரவு ஆட்டங்கள் பல ஊர்களில் வர்ணனையின்றியே திரையிடப்படுகின்றன.